மூடும் கதவுக்குத் திறக்கும் நாளும் வேண்டும்



2021ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தின் கடைசி வாரம். கொரோனாவின் இரண்டாம் அலை உச்சத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. தமிழகத்தில் ஏப்ரல் 26 முதல் ஆலயக் கதவுகள் மக்களுக்கு மூடப்பட்டிருந்தன. அந்நாள்களில் ஒரு மாலை, நமது பங்கைச் சேர்ந்த ஒரு தாய் பங்கு இல்லத்து வாசலில் வந்து நின்றார். அவருடைய மகன் சவுதி அரேபியாவில் ஏ.சி. மெக்கானிக். 2020 டிசம்பரில் விடுமுறைக்கு வந்தவர். துபாயில் 14 நாள்கள் தங்கி, அங்கிருந்து வேலைக்குத் திரும்பிவிடலாம் என்று நினைத்திருந்தார். ஆனால் 2021 பிப்ரவரி 3 அன்று இந்தியா, ஐக்கிய அரபு அமீரகம் உட்பட 20 நாடுகளிலிருந்து வருவோருக்குச் சவுதி தடை விதித்தது. தடைப்பட்டியலில் இல்லாத ஒரு நாட்டில் 14 நாள்கள் தங்கினால் உள்ளே போகலாம் என்று ஏஜென்ட் வழி சொன்னார். அவர் காத்மாண்டு போனார். பத்தாம் நாளில், வெளிநாட்டவர் நேபாளம் வழியாக வேறு நாட்டிற்குச் செல்வது ஏப்ரல் 28 முதல் நிறுத்தப்படும் என்ற அறிவிப்பு வந்தது.

"சாமி, இன்னும் நாலே நாளுதான்னு சொன்னான். இப்போ அங்கிட்டுப் போகவும் முடியல, இங்கிட்டு வரவும் வழி தெரியலைங்கிறான். என் நகையை அடகு வச்சுத்தான் அனுப்பினோம்" என்று சொல்லி அழுதார் அந்தத் தாய். அன்று அவருக்குச் சொல்ல நம்மிடம் பதில் இல்லை.

நோய் பரவாமல் தடுக்க ஒரு நாடு விதிகளை வகுப்பது தவறா? தவறில்லை. அப்படியானால் அந்த இளைஞருக்கு நேர்ந்தது சரிதானா? இந்த இரண்டு கேள்விகளையும் சேர்த்தே சிந்திக்க வேண்டியிருக்கிறது. உலக நலவாழ்வு நிறுவனம் கோவிட்-19 குறித்த பன்னாட்டு அவசரநிலையை 2020 ஜனவரி 30 அன்று அறிவித்து, 2023 மே 5 அன்று முடித்துவைத்தது. பரிசோதனைச் சான்றிதழ்களை நாம் தூக்கி எறிந்துவிட்டோம். ஆனால் அக்காலம் எழுப்பிய கேள்வி இன்னும் முடியவில்லை.

விதிகள் ஏன் மாறின?

அன்று நமக்கு எரிச்சல் தந்தது விதிகள் அல்ல, அவை மாறிக்கொண்டே இருந்ததுதான். மாற்றங்களுக்குக் காரணமும் இருந்தது. கிருமி உடலுக்குள் புகுந்த பின் அறிகுறி தோன்றப் பெரும்பாலும் சில நாள்கள் ஆகும். 14 நாள்கள் வரை ஆகலாம் என்பதால்தான் 14 நாள் தனிமை வந்தது. புறப்படுவதற்கு 72 மணி நேரத்திற்கு முன் எடுத்த பரிசோதனை, அதற்குப் பின் தொற்றிய கிருமியைக் காட்டாது. அதனால் சில நாடுகள் அந்த நேரத்தை 48 மணியாகக் குறைத்தன. ஐக்கிய அரபு அமீரகம் 2021 ஆகஸ்டில் இந்தியாவிலிருந்து திரும்பும் தொழிலாளர்களுக்கு வழி திறந்தபோது, விமானம் ஏறுவதற்குச் சில மணி நேரத்திற்கு முன் விமான நிலையத்திலேயே இன்னொரு பரிசோதனையும் கேட்டது. அதற்கு ஆயிரக்கணக்கில் பணம் கட்டவேண்டியிருந்தது. அங்கே தொற்று இருப்பதாக முடிவு வந்தால் டிக்கெட் பணமும் போயிற்று.

திருநாட்டுத் திருப்பயணத்திற்காகக் காத்திருந்த நம்மவரும் இதை அனுபவித்தார்கள். ஏறக்குறைய இருபது மாதங்களுக்குப் பின் 2021 நவம்பர் 1 அன்று இஸ்ரயேல் தடுப்பூசி போட்ட சுற்றுலாப் பயணிகளுக்குக் கதவைத் திறந்தது. ஒமிக்ரான் வந்ததும் அதே மாத இறுதியில் மீண்டும் மூடியது. 2022 ஜனவரியில் மறுபடியும் திறந்தது. திருப்பயணம் தள்ளிப்போனால் மனம் வருந்தும். வேலைக்குத் திரும்புவது தள்ளிப்போனால் அடுப்பு எரியாது. ஒரே விதிதான், ஆனால் எல்லார் தோளிலும் ஒரே பாரமாக அது விழுவதில்லை.

லேவியர் நூல் காட்டும் வழி

இதைப் பற்றிச் சிந்திக்கும்போது லேவியர் நூலின் 13, 14ஆம் அதிகாரங்கள் நினைவுக்கு வருகின்றன. ஞாயிறு திருப்பலியில் நாம் அதிகம் கேட்காத பகுதி அது. தோல்நோய் என்று சந்தேகிக்கப்படுபவரைக் குரு பார்வையிட வேண்டும். தெளிவாகத் தெரியவில்லை என்றால் ஏழு நாள் ஒதுக்கிவைக்க வேண்டும். ஏழாம் நாள் மீண்டும் பார்க்க வேண்டும். அப்போதும் தெளிவில்லை என்றால் இன்னும் ஏழு நாள்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒதுக்கிவைக்கும் அதே விதியில், மீண்டும் பார்க்கும் நாளும் சேர்த்தே எழுதப்பட்டிருக்கிறது. அதுமட்டுமல்ல. நலமடைந்தவரைத் தேடிக் குருவே பாளையத்திற்கு வெளியே போகவேண்டும் என்கிறது 14ஆம் அதிகாரம். மூடச் சொன்னவருக்கே திறந்துவிடும் கடமையும் உண்டு. கதவை மூடுகிறவர் சாவியைத் தொலைத்துவிடக் கூடாது.

இன்றைய உலகிலும் இப்படி ஒரு சட்டம் இருக்கின்றது. 2005இல் ஏற்கப்பட்டு, 2007 ஜூன் 15 முதல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு நலவாழ்வு ஒழுங்குமுறைகள் அது. நோயைத் தடுக்க வேண்டும், ஆனால் பயணத்திற்கும் வணிகத்திற்கும் தேவையற்ற தடை கூடாது என்பது அதன் நோக்கம். பயணிகளை மதிப்போடு நடத்த வேண்டும், அவர்களுடைய துன்பத்தைக் குறைக்க வேண்டும், தனிமையில் வைக்கப்படுவோருக்குப் போதிய உணவும் தண்ணீரும் தரவேண்டும் என்று அதன் 32ஆம் பிரிவு கேட்கிறது. நல்ல சட்டம்தான். பெருந்தொற்று வந்தபோது அது பல இடங்களில் மறக்கப்பட்டது.

நீதி தவறிய இடங்கள்

தடுப்பூசியை எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் கோவிஷீல்டு, கோவாக்சின் இரண்டுக்கும் 2021 ஜனவரி 3 அன்று அவசரகால அனுமதி கிடைத்தது. உலக நலவாழ்வு நிறுவனம் கோவிஷீல்டை 2021 பிப்ரவரி 15 அன்று ஏற்றது. கோவாக்சினுக்கு அந்த ஏற்பு 2021 நவம்பர் 3 அன்றுதான் வந்தது. நம் மக்கள் கடையில் புடவை எடுப்பதுபோல் தடுப்பூசியைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அன்று எது இருந்ததோ அதைப் போட்டுக்கொண்டார்கள். ஆனாலும் இரண்டு ஊசியும் போட்ட ஒருவர், கையில் இருந்த சான்றிதழில் கோவாக்சின் என்று இருந்ததால், பல நாடுகளின் கணக்கில் மாதக்கணக்காக ஊசி போடாதவராகவே இருந்தார்.

கோவிஷீல்டுக்கும் சிக்கல் வந்தது. பிரிட்டனில் உருவான அதே தடுப்பூசியை இந்தியாவில் போட்டவர்களை, 2021 அக்டோபர் 4 முதல் பிரிட்டன் ஊசி போடாதவர்களாகவே நடத்தியது. பதிலுக்கு இந்தியா, பிரிட்டனிலிருந்து வரும் அந்நாட்டவருக்கு 10 நாள் தனிமையை விதித்தது. அக்டோபர் 11 முதல் பிரிட்டன் இறங்கிவந்தது, இந்தியாவும் தன் விதியை விலக்கிக்கொண்டது. அந்த ஒரு வாரத்தில் கிருமி மாறிவிடவில்லை. அரசுகளின் மனம்தான் மாறியது. விதிகள் எல்லாமே அறிவியலிலிருந்து பிறப்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அடுத்து தென்னாப்பிரிக்கா. அந்நாட்டு அறிவியலாளர்கள் புதிய உருமாற்றக் கிருமி ஒன்றைக் கண்டறிந்து, மறைக்காமல் 2021 நவம்பர் 24 அன்று உலகிற்குச் சொன்னார்கள். 26ஆம் தேதி அதற்கு ஒமிக்ரான் என்று பெயர் வைக்கப்பட்டது. சில நாள்களுக்குள் பணக்கார நாடுகள் பல, தெற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வரும் பயணிகளுக்குக் கதவை மூடின. ஆனால் நெதர்லாந்தில் நவம்பர் 19 அன்றே எடுக்கப்பட்ட ஒரு மாதிரியில் அந்தக் கிருமி இருந்தது பின்னர் தெரியவந்தது. உண்மையைச் சொன்னவருக்குத் தண்டனை கிடைத்தால், அடுத்த முறை உண்மையைச் சொல்ல யார் முன்வருவார்?

அதே வேளையில் நல்லதையும் சொல்லத்தான் வேண்டும். சவுதி அரசு, வெளியே சிக்கிக்கொண்டவர்களின் வசிப்பு அனுமதியான இக்காமாவைப் பலமுறை கட்டணமின்றி நீட்டித்தது. வெளிநாடு செல்லும் தொழிலாளரும் மாணவரும் கோவிஷீல்டின் இரண்டாம் ஊசிக்கு 84 நாள்கள் காத்திராமல், 28 நாள்களுக்குப் பின் போட்டுக்கொள்ள இந்திய அரசு 2021 ஜூன் மாதத்தில் வழிசெய்தது. மனமிருந்தால் விதிக்குள்ளேயே இரக்கத்திற்கு இடம் உண்டு என்பதை இவை காட்டுகின்றன.

நம் பக்கத்துப் பிழை

அரசுகளை மட்டும் குறைசொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. காய்ச்சலை மாத்திரையால் மறைத்துக்கொண்டு விமானம் ஏறியவர்கள் நம்மிடையே இல்லையா? பணம் கொடுத்துப் பொய்ச் சான்றிதழ் வாங்கியவர்கள் இல்லையா? பக்கத்து இருக்கையில் இருந்த முதியவரின் உயிர் அந்தப் பொய்யில் அடங்கியிருந்தது. மற்றொன்றும் உண்டு. 2020 மே 7 அன்று வந்தே பாரத் விமானங்கள் தொடங்கி, வெளிநாட்டில் தவித்தவர்கள் தம் சொந்தப் பணத்தில் டிக்கெட் எடுத்து ஊர் திரும்பினார்கள். முன்பு அவர்கள் அனுப்பிய பணத்தில் திருவிழா கொண்டாடிய நாமே, அவர்கள் தனிமை முடித்து வந்த பின்னும் அந்த வீட்டு வாசலைத் தாண்டிப்போனோம். ஒதுக்குவதில் காட்டிய வேகத்தைச் சேர்த்துக்கொள்வதில் நாம் காட்டவில்லை.

நம் முன்னோருக்கு இது புதிதல்ல. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தமிழ்த் தொழிலாளர்கள், இராமேசுவரத்திற்கு அருகிலுள்ள மண்டபம் முகாமில் நோய்ப் பரிசோதனைக்காக நிறுத்திவைக்கப்பட்ட பின்னரே கப்பல் ஏறினார்கள். அதே மண்டபம் பிற்காலத்தில் இலங்கையிலிருந்து வந்த அகதிகளின் முகாமாயிற்று. போகும்போதும் வரும்போதும் வாசலில் காத்துநின்றவர்களின் வழிவந்தவர்கள் நாம்.

இனி நாம் செய்யவேண்டியது

இன்று பெரும்பாலான நாடுகளில் கோவிட் விதிகள் இல்லை. ஆனால் விதிகள் திரும்பிவர அதிக நாள் ஆகாது. 2022 நவம்பர் 22 அன்று ஏர் சுவிதா படிவத்தை நீக்கிய இந்தியாவே, சீனாவில் தொற்று பெருகியதும் 2023 ஜனவரி 1 முதல் சிங்கப்பூர் உட்பட ஆறு இடங்களிலிருந்து வருவோருக்குப் பரிசோதனையைக் கட்டாயமாக்கி, பிப்ரவரியில் விலக்கிக்கொண்டது. ஆகவே வெளிநாடு செல்லும் நம் பங்கு மக்கள் சிலவற்றை மனத்தில் கொள்வது நல்லது.

முதலாவதாக, விசா இருக்கின்றது என்பதால் மட்டும் விமானத்தில் ஏற்றிக்கொள்ள மாட்டார்கள். போகும் நாட்டின் அரசு இணையதளத்தைப் புறப்படும் வாரத்தில் பார்க்க வேண்டும். இடையில் விமானம் மாறும் நாட்டின் விதியையும் பார்க்க வேண்டும். ஏஜென்ட் சொன்ன வாய்வார்த்தையும் வாட்ஸ்அப்பில் வந்த பழைய செய்தியும் போதாது.

இரண்டாவதாக, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. ஆப்பிரிக்கா, தென் அமெரிக்காவில் பணிபுரியும் நம் அருட்தந்தையர், அருட்சகோதரிகள், அவர்களைக் காணச் செல்லும் உறவினர் இதை மறக்கக் கூடாது. மஞ்சள் காமாலை வேறு, மஞ்சள் காய்ச்சல் வேறு. அந்நோய் உள்ள நாடுகளிலிருந்து சான்றிதழ் இன்றி இந்தியா திரும்புவோரை ஆறு நாள் வரை தனிமையில் வைக்க விதி உண்டு. ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். 2016 ஜூலை முதல் அது வாழ்நாள் முழுவதும் செல்லும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் இந்த ஊசி போடப்படுகிறது. அறுபது வயதைத் தாண்டியவர்கள் முதலில் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்றாவதாக, மகள் பிரசவத்திற்கென அமெரிக்கா, கனடா செல்லும் பெற்றோர் பயணக் காப்பீடு எடுக்கும்போது, ஏற்கெனவே உள்ள சர்க்கரை நோய்க்கும் இதயநோய்க்கும் அது பணம் தருமா என்று படித்துப் பார்க்க வேண்டும். மாத்திரைகளை மருத்துவர் சீட்டோடு கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். இங்கே எளிதாகக் கிடைக்கும் சில வலிநிவாரணிகளுக்கு வளைகுடா நாடுகளில் கடும் தடை உண்டு.

நான்காவதாக, பங்குப் பேரவையில் ஒருவராவது வெளிநாட்டில் இருப்போரின் விவரங்களை வைத்திருக்க வேண்டும். இந்தியத் தூதரகம், தமிழக அரசின் அயலகத் தமிழர் நல ஆணையரகம் ஆகியவற்றோடு தொடர்புகொள்ள அவர் உதவலாம். அன்று அந்தத் தாய் வாசலில் நின்றபோது நம்மிடம் இருந்திருக்க வேண்டியது அத்தகைய ஒரு தாளும் தொலைபேசி எண்ணும்தான்.

திருத்தப்பட்ட பன்னாட்டு நலவாழ்வு ஒழுங்குமுறைகள் 2025 செப்டம்பர் 19 முதல் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. சமநீதியும் ஒருமைப்பாடும் அதன் நெறிகளில் சேர்க்கப்பட்டிருக்கின்றன. இது நல்ல தொடக்கம். ஆனால் காகிதத்தில் உள்ள நீதி வாசலில் நிற்கும் காவலரின் கைக்கு வந்துசேர வேண்டும். கதவை மூடும்போதே, எதற்காக மூடுகிறோம், எப்போது மீண்டும் பார்ப்போம், நடுவழியில் நிற்பவர் எங்கே போவார் என்ற மூன்றுக்கும் பதில் சொல்லும்படி நாம் நம் அரசையும் கேட்க வேண்டும், பிற அரசுகளையும் கேட்க வேண்டும்.

அந்த இளைஞர் 2021 மே மாதம் எல்லையைத் தாண்டிச் சாலை வழியாகவும் ரயிலிலும் வீடு வந்துசேர்ந்தார். டிசம்பர் 1 முதல் இந்தியாவிலிருந்து நேரடியாகச் சவுதி செல்ல அனுமதி வந்தபோது, ஐந்து நாள் தனிமைக்கும் பணம் கட்டித் திரும்பிப் போனார். நகையை மீட்க மேலும் ஓராண்டு ஆயிற்று. அடுத்த நோய் எப்போது வரும் என்று நமக்குத் தெரியாது. அது வரும்போது நம் பங்கிலிருந்து யாரோ ஒருவர் ஏதோ ஒரு வாசலில் நிற்பார். அவரைத் தேடிப் பாளையத்திற்கு வெளியே போக நாம் ஆயத்தமாக இருக்கின்றோமா? சிந்திப்போம்.