எழுத நான் யார்?

ஆலங்காயத்துத் தேநீர்க் கடையொன்றில் அண்மையில் ஒரு பெரியவரைக் கண்டேன். சவூதி நாட்டில் 22 ஆண்டு கொத்து வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். அவர் பேசத் தொடங்கினார்; பேருந்துக்குக் காத்திருந்தவர்கள் பேருந்தை மறந்தார்கள்! கொளுத்தும் வெயிலில் சாரத்தின் மேல் நின்றதைச் சொன்னார். ஓர் அறையில் பன்னிரண்டு பேர் படுத்ததைச் சொன்னார். தாய் இறந்த செய்தி வந்தும், பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொண்டதால், வந்து கொள்ளி வைக்க முடியாமல் போனதைச் சொன்னார். அப்போது குரல் தழுதழுத்தது.

“அண்ணா, இதையெல்லாம் எழுதி வைக்கக் கூடாதா?” என்றேன்.

சிரித்தார். “எட்டாவது படிச்சவன் நான். எழுதறதுக்கு நான் யாரு தம்பி? அதுக்கெல்லாம் வேற ஆளுங்க இருக்காங்க” என்றார்.

தோழர்களே! “எழுத நான் யார்?” என்ற இந்தக் கேள்வி அவராகக் கேட்டதா? இல்லை. உழைப்பது ஒருவன் வேலை, எழுதுவது இன்னொருவன் வேலை என்று தலைமுறை தலைமுறையாக நமக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் அது. அந்தப் பாடத்தை இனியும் ஒப்புவிக்க வேண்டுமா என்பதே இன்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது.

ஓய்வுக் காலத்தில் பேனா பிடிப்பது கேலிக்குரியதா? அ. முத்துலிங்கத்தைப் பாருங்கள். யாழ்ப்பாணத்தை அடுத்த கொக்குவிலில் 1937-இல் பிறந்தவர். 1964-இல் ‘அக்கா’ என்ற சிறுகதை நூலைத் தந்தார். பிறகு வயிற்றுப்பாடு அழைத்தது. கணக்காளராக 1972-இல் ஆப்பிரிக்கா சென்றார். உலக வங்கியிலும் ஐ.நா. அமைப்புகளிலும் பணி, சியரா லியோன், சூடான், சோமாலியா, பாகிஸ்தான் என நாடு நாடாக வாழ்க்கை. அடுத்த நூலான ‘திகடசக்கரம்’ வந்தது எப்போது? 1995-இல்! இடையே 31 ஆண்டுகள்!

2000-இல் ஓய்வு பெற்றுக் கனடாவில் குடியேறினார். வயது 63. ‘போதும், இனிச் சாய்வு நாற்காலி’ என்று இருந்தாரா? இல்லை. 2001-இல் ‘மகாராஜாவின் ரயில் வண்டி’, 2008-இல் ‘உண்மை கலந்த நாட்குறிப்புகள்’ என நூல்கள் தொடர்ந்தன. ஆப்பிரிக்கச் சிற்றூரும் பாகிஸ்தானத்து மலைப்புறமும் தமிழ்க் கதைக்குள் வந்து குடியேறின. சம்பளம் தந்த நாடுகளே அவருக்குக் கதையும் தந்தன. கைக்குத்தான் ஓய்வு, கண் கண்டதற்கு ஓய்வு ஏது?

“அவர் பட்டம் படித்தவர், அதிகாரி, நமக்கு அது ஒத்து வருமா?” என்று தோழர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஓய்வூதியம் பெறுபவருக்கு மேசை உண்டு, நேரம் உண்டு. சாரத்தில் நின்றவன் திரும்பி வரும்போது மூட்டு வலியும் கடன் பாக்கியும்தான் கூட வருகின்றன. இந்த வேறுபாட்டை மறைத்துப் பேசுவது ஏய்ப்பு. ஆனால் அதிகாரி எவ்வளவு நல்லவராயினும், சாரத்தின் மேலிருந்து தெரியும் உலகம் அவருக்குத் தெரியாது. அதைச் சொல்ல ஒருவன்தான் உண்டு. அவனும் வாய் மூடினால் என்ன ஆகும்?

என்ன ஆகும் என்பதைச் சயாம் மரண ரயில் காட்டுகிறது. 1942, 43 ஆண்டுகளில் சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானிய இராணுவம் 415 கிலோமீட்டர் இருப்புப் பாதை போட்டது. சிறைப்பட்ட நேச நாட்டுப் போர்வீரர் 60,000-க்கு மேற்பட்டோர் அதில் வதைபட்டனர். அவர்களைப்போல் இரு மடங்குக்கும் மேலான ஆசியத் தொழிலாளரும் வதைபட்டனர். மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர் அவர்களில் ஏராளம். காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் கூட்டம் கூட்டமாக மாண்டனர்.

பிழைத்து வந்த வெள்ளைப் போர்வீரர் எழுதினார்கள், படம் வரைந்தார்கள். 1957-இல் வந்த ஆங்கிலத் திரைப்படம் அவர்கள் துயரை உலகுக்கே காட்டியது. நம்மவர் நிலை? எத்தனை தமிழர் மாண்டனர் என்பதற்கு இன்றும் திட்டமான கணக்கில்லை! ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவல் வந்தது 1993-இல். அதாவது பாதை போட்டு முடிந்து 50 ஆண்டு கழித்து! செத்ததில் நாம் அதிகம். எழுதியதில் நாம் குறைவு. அதனால்தான் நாம் மறக்கப்பட்டோம்.

கடல் கடக்கவும் வேண்டாம். இந்த ஜவ்வாது மலையிலிருந்து கூலிக்கு மரம் வெட்ட ஆந்திரம் போனவர்களை எண்ணுங்கள். 2015 ஏப்ரல் 7-ஆம் நாள் சேஷாசலம் காட்டில் காவல்துறை சுட்டு 20 தமிழர் மாண்டனர். இந்த மலையின் மக்களும் அவர்களில் உண்டு. அவர்களைப் பற்றிக் காவல்துறை எழுதியது, ஏடுகள் எழுதின. எந்த வறுமை அவர்களை அனுப்பியது, எந்தத் தரகன் அழைத்துப் போனான் என்று, போய் உயிரோடு திரும்பிய ஒருவன் தன் வாயால் சொல்லி ஒரு நூல் வர வேண்டாமா?

ஆகவே ஒன்று செய்வோம். ஒவ்வொரு படிப்பகத்திலும் வாரம் ஒரு மாலை ஒதுக்குங்கள். அயல்நாட்டில் உழைத்துத் திரும்பிய பெரியவர்களை அழைத்து உட்கார வையுங்கள். எழுதத் தெரிந்தவர் எழுதட்டும். தெரியாதவர் சொல்லட்டும்; இளைஞர்கள் கைப்பேசியில் பதிவு செய்து பிறகு ஏட்டில் ஏற்றட்டும். அலங்காரம் வேண்டாம். ஏஜெண்டுக்குக் கொடுத்தது எவ்வளவு, சொன்ன கூலி எவ்வளவு, கைக்கு வந்தது எவ்வளவு, உடன் உழைத்து உயிர்விட்ட நண்பன் எந்த ஊரான் என்பவற்றை எழுதினால் போதும். நாளை உரிமை கேட்கும்போது அதுவே நமக்குச் சாட்சி!

மலைமேல் காவலூரில் 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி விண்மீன்களைப் பார்த்து வருகிறது. பெருமைதான்! எட்டாத விண்மீனுக்குக் குறிப்பேடு இருக்கிற ஊரில், எதிரே உட்கார்ந்து தேநீர் குடிக்கும் மனிதனுக்குக் குறிப்பேடு இல்லை என்பது பெருமையா?

பக்கத்துக் கடையில் ஒரு நோட்டு வாங்கி அந்தப் பெரியவர் கையில் கொடுத்தேன். “எதிலேருந்து தம்பி ஆரம்பிக்கறது?” என்றார்.

“பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டானே, அந்த நாளிலிருந்து” என்றேன்.

தோழர்களே, உங்கள் ஊர்ப் பெரியவருக்கும் ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். உழைத்த கை எழுதட்டும்!