இலவசமான அறுவைச் சிகிச்சை, இழந்த நாட்கூலி: சேத்தூரிலிருந்து ஒரு கூதிர்க்காலக் கணக்கு

செப்டம்பர் 23 உலக சைகை மொழிகள் நாள். நவம்பர் 26 அரசமைப்புச் சட்ட நாள். டிசம்பர் 3 உலக மாற்றுத்திறனாளிகள் நாள். ஒவ்வோர் ஆண்டும் இந்நாள்களில் உறுதிமொழிகள் வாசிக்கப்படுகின்றன. உதவி உபகரணங்கள் வழங்கப்படுகின்றன. முதல் நாளுக்கும் கடைசி நாளுக்கும் இடையே பத்து வாரங்கள் உள்ளன. அந்தப் பத்து வாரங்களில், காது கேளாத குழந்தையை வளர்க்கும் ஒரு தலித் குடும்பம் தன் உரிமைகளைப் பெற என்ன விலை கொடுக்கிறது? 2025ஆம் ஆண்டின் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நாங்கள் அருகிலிருந்து கண்டதை வைத்து இக்கேள்வியை ஆராய்கிறோம்.

சேத்தூர், விருதுநகர் மாவட்டம் ராஜபாளையம் வட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த பேரூராட்சி. அங்கிருந்து ஒரு குடும்பம் வீட்டுமனைப் பட்டா தொடர்பாக எங்களிடம் வந்தது. தாய் பஞ்சாலைத் தொழிலாளி. தந்தை விவசாயக் கூலி. அவர்களுடைய அடையாளத்தை வெளியிடவில்லை. மூன்று முறை சந்தித்தும், தாயின் மடியிலிருந்த நான்கு வயது மகனைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. நான்காம் முறை, கனத்த கோப்புக்கட்டு ஒன்று மேசையிலிருந்து சரிந்து பேரோசையுடன் விழுந்தது. அறையில் இருந்த அனைவரும் திடுக்கிட்டோம். சிறுவன் திரும்பவில்லை. அவனுக்கு இரு செவிகளிலும் கடுமையான கேட்புக் குறைபாடு இருப்பது சில மாதங்களுக்கு முன்புதான் உறுதியாகியிருந்தது. சாதியை மட்டுமே தேடப் பழகிய எங்கள் கண்ணுக்கு அது தெரியவில்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறோம்.

காலத்தோடு ஓடும் குடும்பம்

பிறந்த ஒரு மாதத்துக்குள் செவித்திறன் சோதனை, மூன்று மாதத்துக்குள் நோயறிதல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சைத் தொடக்கம் என்பது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட அளவுகோல். மொழியைப் பற்றிக்கொள்ளும் ஆற்றல் மூளைக்கு மிகுதியாக இருப்பது முதல் சில ஆண்டுகளில்தான். காது கேளாமைத் தடுப்புக்கான தேசியத் திட்டம் 2007 முதல் நடைமுறையில் உள்ளது. குழந்தைகளைப் பரிசோதிக்கும் ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய கார்யக்ரம் 2013இல் தொடங்கியது. பிறவிச் செவிட்டுத்தன்மையும் அதன் பட்டியலில் உண்டு. இத்தனை இருந்தும் இந்தச் சிறுவனின் குறைபாடு மூன்றரை வயதில்தான் கண்டறியப்பட்டது. அதுவரை உறவினர்கள், "ஆம்பளப் பிள்ளைக்குப் பேச்சு வர நாளாகும்" என்று ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தனர்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவைச் சிகிச்சை இலவசமாகச் செய்யப்படுகிறது. பல லட்சம் ரூபாய் செலவாகும் சிகிச்சை இது. கூலித் தொழிலாளியின் பிள்ளைக்கும் அது கிடைக்கும் என்பது தமிழ்நாடு பெருமைப்பட வேண்டிய சாதனை. அதை நாங்கள் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அந்த வாசலை அடைய எத்தனை நாள் ஆகிறது என்பதே இந்தக் குடும்பத்தின் கேள்வி.

வருமானச் சான்றுக்கு இ-சேவை மையம். பிறகு கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு மருத்துவச் சான்று. சிறு குழந்தை ஒலியைக் கேட்டுப் பதில் சொல்லாது என்பதால், உறங்கவைத்து மூளைத்தண்டின் மின்னலைகளைப் பதியும் 'பெரா' சோதனை செய்ய வேண்டும். குழந்தை உறங்காவிட்டால் இன்னொரு நாள் வர வேண்டும். அக்டோபர் 20 அன்று தீபாவளி. அதற்கு முந்தைய வாரங்களில் விடுப்பு எடுத்தால் போனஸில் கைவைப்பார்களோ என்ற அச்சம் தாய்க்கு. ஐப்பசி மழையில் நடவு வேலை இருக்கும் நாள்களைத் தந்தை விட முடியாது. நவம்பர் 4 அன்று வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. அங்கன்வாடிப் பணியாளர்களும் ஆசிரியர்களும் அதில் ஈடுபடுத்தப்பட்டனர். தம் வாக்குரிமையைக் காக்கும் படிவமும் மகனின் செவிக்கான படிவமும் ஒரே வாரத்தில் அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தன.

நகரப் பேருந்தில் பெண்களுக்கும், மாற்றுத்திறனாளிக்கும் அவருக்குத் துணையாக வரும் ஒருவருக்கும் கட்டணமில்லை. ராஜபாளையம் வரை அது போதும். மதுரைக்கோ விருதுநகருக்கோ செல்லும் புறநகர்ப் பேருந்தில் சலுகை உண்டு. ஆனால் அடையாள அட்டை வேண்டும். அந்த அட்டையைப் பெறுவதற்காகத்தான் பயணமே!

வேலைக்குப் போகாத நாள்களை அந்தத் தாய் நாட்காட்டியில் வட்டமிட்டு வைத்திருந்தார். இரண்டு மாதத்தில் பதினேழு வட்டங்கள். நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2025-26ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நாட்கூலியான 336 ரூபாயை அளவாகக் கொண்டாலும் 5,712 ரூபாய் இழப்பு. இலவசம் எனப்படும் சிகிச்சைக்கு அறுவை அரங்கை எட்டுவதற்கு முன்பே கட்டப்பட்ட கட்டணம் இது.

அறுவையோடு முடிவதுமில்லை. கருவி பொருத்தியவுடன் குழந்தைக்குக் கேட்பது மொழியன்று, வெறும் ஒலி. அதை மொழியாக்க, வாரந்தோறும் பேச்சுப் பயிற்சி தேவை. பயிற்சியில் தாயும் உடனிருந்து கற்று வீட்டில் தொடர வேண்டும். செவிக்கு வெளியே அணியும் பகுதிக்கு மின்கலமும் பராமரிப்பும் வேண்டும். மழையிலும் ஈரத்திலும் அதைக் காக்க வேண்டும். ஒழுகும் கூரையின்கீழ் அதை எங்கே உலர்த்தி வைப்பது?

யாருக்கு விடுப்பு?

2024 ஏப்ரல் 22 அன்று, ஷாலினி தர்மானி எதிர் இமாச்சலப் பிரதேச அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் முக்கியமான கருத்தை முன்வைத்தது. மாற்றுத்திறன் கொண்ட மகனை வளர்க்கும் அரசுக் கல்லூரிப் பேராசிரியைக்குக் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு மறுக்கப்பட்ட வழக்கு அது. பணியில் பெண்களின் பங்கேற்பு சலுகை அன்று, அரசமைப்புச் சட்டம் சார்ந்த உரிமை என்று நீதிமன்றம் கூறியது. மத்திய அரசின் பெண் ஊழியர்களுக்குப் பணிக்காலத்தில் 730 நாள்கள்வரை இவ்விடுப்பு உண்டு.

இத்தீர்ப்பை நாங்கள் வரவேற்கிறோம். ஆனால் பஞ்சாலையில் இரவு முறை வேலை பார்க்கும் பெண்ணுக்கு இந்த உரிமை எந்த வழியாக வந்து சேரும்? ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் நோய்க்கால உதவித்தொகை உண்டு. ஆனால் அது தொழிலாளியின் சொந்த நோய்க்கு மட்டும். எங்களிடம் அந்தத் தாய் கேட்டார்: "எம்புள்ளைக்குன்னு லீவு கேட்டா, நீயா ஊமைங்கிறாங்க. என்ன சார் சொல்ல?"

விடுப்பு என்பது வேலையின் தன்மையைச் சார்ந்தது. வேலையின் தன்மையோ இந்நாட்டில் சாதியைச் சார்ந்தது. நிரந்தரப் பணியும் மாதச் சம்பளமும் தலைமுறைகளாக மறுக்கப்பட்டோருக்கு, பிள்ளையின் சிகிச்சைக்கான நேரமும் மறுக்கப்படுகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டின் மக்கள்தொகையில் மாற்றுத்திறனாளிகள் 2.21 விழுக்காடு, பட்டியல் சாதியினரிடையே 2.45 விழுக்காடு. இது உறவுத் திருமணத்தால் மட்டும் வருவது என்று கை கழுவுவோர் உண்டு. கருவுற்ற தாயின் ஊட்டம், ரூபெல்லா போன்ற தொற்று, பேறுகாலக் கவனிப்பு, காதில் சீழ் வடியும்போது கிடைக்காத மருத்துவம் ஆகியவை அனைத்தும் இக்கணக்கில் அடங்கும்.

இரண்டு சட்டங்கள், ஒரு குழந்தை

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(1)(ஆர்), பொதுப் பார்வையில் பட்டியல் சாதியினரை இழிவுபடுத்தும் நோக்குடன் அவமதிப்பதைக் குற்றமாக்குகிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் பிரிவு 92(ஏ) ஏறக்குறைய அதே சொற்களில் மாற்றுத்திறனாளியை அவமதிப்பதைக் குற்றமாக்குகிறது. இரண்டிற்கும் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டுவரை சிறை. ஒரு குழந்தையைச் சாதிப் பெயரையும் 'ஊமை' என்ற சொல்லையும் சேர்த்து ஒருவர் அழைத்தால் இரு சட்டங்களும் பொருந்தக்கூடும். இரண்டாவது சட்டம் இருப்பதே களத்தில் பலருக்குத் தெரிவதில்லை.

2021 ஏப்ரல் 27 அன்று பட்டான் ஜமால் வலி வழக்கில் உச்ச நீதிமன்றம் இச்சிக்கலை நேருக்கு நேர் சந்தித்தது. பட்டியல் சாதியைச் சேர்ந்த பார்வையற்ற பெண் மீதான பாலியல் வன்கொடுமை வழக்கு அது. சாதி, பாலினம், உடற்குறைபாடு ஆகியவற்றைத் தனித்தனியே பிரித்துப் பார்க்க இயலாது என்று நீதிமன்றம் விரிவாக விளக்கியது. ஆயினும், சாதியின் காரணமாகவே குற்றம் நிகழ்ந்தது என்பதற்குச் சான்றில்லை எனக் கூறி, வன்கொடுமைச் சட்டத்தின்கீழான தண்டனையை நீக்கியது. பாலியல் வன்கொடுமைக்கான ஆயுள் தண்டனை நிலைத்தது. குறுக்குவெட்டு ஒடுக்குமுறையைப் புரிந்துகொண்ட தீர்ப்பிலேயே சாதி கழன்று விழுந்தது. நலத்திட்டங்களிலும் இதுவே நடக்கிறது: ஆதிதிராவிடர் நலத்துறைக்கு அவன் தலித், மாற்றுத்திறனாளிகள் நலத்துறைக்கு அவன் காது கேளாதவன், இரண்டுமாக அவன் எந்தக் கோப்பிலும் இல்லை.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, சிகிச்சை மற்றும் பயிற்சி நாள்களுக்குக் கூலி ஈடு. பேறுகாலத்துக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 18,000 ரூபாய் வழங்கும் மாநிலத்துக்கு இது அந்நியமான கருத்தன்று. இரண்டாவது, பேச்சுப் பயிற்சி வட்டார அளவில் கிடைக்க வேண்டும். சட்டத்தின் பிரிவு 25, குறிப்பாகக் கிராமப்புறங்களில் அருகிலேயே மருத்துவ வசதி வேண்டும் என்கிறது. மூன்றாவது, சைகை மொழியை அறுவைக்குத் தகுதியற்றோரின் கடைசிப் புகலிடமாகக் கருதாமல், எல்லாக் காது கேளாக் குழந்தைகளுக்கும் தொடக்கம் முதலே வழங்க வேண்டும். நான்காவது, சிறப்பாசிரியர்கள். தொடக்கப் பள்ளியில் பத்து மாணவருக்கு ஒருவர் என்ற விகிதத்தை உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரிலேயே வலியுறுத்திவிட்டது. சமக்ர சிக்ஷா நிதியை ஒன்றிய அரசு நிறுத்திவைத்தபோது முதலில் அடிபடுவது இத்தகைய தொகுப்பூதியப் பணியிடங்கள் என்பதை நிதிப் பூசலைப் பற்றிப் பேசுவோர் மறந்துவிடக் கூடாது.

கல்லூரி மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். பள்ளிக் குழந்தைகளிடையே மாற்றுத்திறனாளிகளைக் கண்டறிய ஐந்தாண்டுக்கொருமுறை கணக்கெடுக்க வேண்டும் என்கிறது பிரிவு 17. உங்கள் பகுதியில் அது நடந்ததா, எத்தனை தலித் குழந்தைகள் அதில் இடம்பெற்றனர் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பதில் வந்தால் அது போராட்டத்துக்கு ஆவணம். வராவிட்டால் அதுவும் ஆவணமே.

2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமிக்கச் சட்டம் திருத்தியது. சேத்தூர் போன்ற பேரூராட்சிகளிலும் அந்த இருக்கை உண்டு. அதில் அமர்பவருக்குச் சேரியின் தெரு தெரிந்திருக்குமா என்பதை இயக்கங்கள் இப்போதே கேட்க வேண்டும்.

அந்தச் சிறுவனுக்கு ஆறு வயதாக இன்னும் இரண்டு ஆண்டுகள்கூட இல்லை. அடுத்த பரிசோதனை ஒரு செவ்வாய்க்கிழமை. நாட்காட்டியில் பதினெட்டாவது வட்டத்தை அந்தத் தாய் ஏற்கெனவே போட்டுவிட்டார்.