கத்தியில் பேர் இருக்கிறது, ஊர் எங்கே?

புதுவையில் பிரான்சு உறவு இல்லாத தெரு குறைவு. விடுமுறைக்கு வருகிறவர்கள் பெட்டியைத் திறந்தால் சாக்லெட், சென்ட் பாட்டில், அதற்கு அடுத்தபடியாக ஒரு மடக்குக் கத்தி. முதுகில் சின்னதாக ஒரு தேனீ, அலகில் 'லாயோல்' என்ற பேர். எழுத்துக் கூட்டிப் படித்தால் 'லாகியோல்' என்றுதான் வரும்; அந்த ஊர்க்காரர்கள் சொல்வது லாயோல். அன்பளிப்பாகப் பெற்றவர் அதை ஷோகேசில் வைத்துவிட்டு, வருகிறவர்களிடம் எல்லாம், "அசல் பிரெஞ்சுக் கத்தி சார், அந்தத் தேனீ நெப்போலியன் கொடுத்தது" என்பார். எனக்குச் சண்டை கத்தியோடு அல்ல, இந்தப் பூஜையோடு.

முதலில் நெப்போலியனை முடித்துவிடுவோம். அவர் 1821-லேயே செயின்ட் ஹெலினா தீவில் இறந்துவிட்டார். லாயோல் கத்தி உருவானது 1829 வாக்கில், கல்மெல்ஸ் என்ற கொல்லரின் கையில் என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு. செத்துப்போனவர் எப்படிச் சின்னம் வழங்குவார்? கத்தித் தொழிலில் முதுகு வில்லின் நுனியில் உள்ள பகுதிக்கு 'மூஷ்' என்று பேர். பிரெஞ்சில் மூஷ் என்றால் ஈ. அந்த இடத்தில் தேனீ உருவம் வைக்கும் வழக்கம் பரவியது 20-ஆம் நூற்றாண்டில்தான். பள்ளியில் பிரெஞ்சு படித்த நாமே இந்தக் கதையைப் பரப்பலாமா?

அடுத்து, ஊர். லாயோல் என்பது தெற்குப் பிரான்சில் அவேரோன் மாவட்டத்தில், ஓப்ராக் மேட்டுநிலத்தில் இருக்கும் ஒரு சிற்றூர். மாடு மேய்ப்பவர்களின் ஊர். அங்கே பிறந்த கத்திக்குக் கிராக்கி கூடியதும் வேலை மெல்ல மெல்ல வடக்கே தியேர் நகரத்துக்குப் போய்விட்டது. பிறந்த ஊரில் பட்டறைகள் அடங்கிப்போயின. 1987-இல்தான் அங்கே மறுபடி ஆலை எழுந்தது. ஆக, பல பத்தாண்டுகளாக 'லாயோல்' என்று பேர் பொறித்த கத்திகள் பெரும்பாலும் தியேரில் செய்தவை.

அந்தத் தியேரைப் பற்றி நம்மில் எத்தனை பேர் பேசியிருக்கிறோம்? துரோல் ஆற்றின் நீரோட்டத்தில் சாணைக்கல் சுழலும். அதற்கு மேலே பலகையில் குப்புறப் படுத்தபடி நாள் முழுக்கத் தொழிலாளி அலகைத் தீட்டுவான். குளிர் தாங்காமல் கால்மேல் நாயைப் படுக்க வைத்துக்கொள்வான். சாணைச் சேறு அப்பி வயிறு மஞ்சளாகும் என்பதால் அவர்களுக்கு 'மஞ்சள் வயிற்றுக்காரர்கள்' என்றே பட்டப்பேர். வயிறு தேய்ந்தது அவர்களுக்கு, பேரோ வேறு ஊருக்கு, புகழ் நெப்போலியனுக்கு. இது என்ன நியாயம்?

மூன்றாவது விஷயம்தான் ஒரு குமாஸ்தாவாக என்னை உறுத்துவது. பதிவேட்டில் எவன் முதலில் எழுதினானோ அவன் சொல்வதே செல்லும் என்பதை உத்தியோகத்தில் நிறையப் பார்த்தவன் நான். 1993-இல் அந்த ஊருக்குச் சம்பந்தமே இல்லாத, பாரிஸ் பக்கத்து வியாபாரி ஒருவர் 'லாயோல்' என்ற பேரைப் பல வகைச் சரக்குகளுக்கு வணிகச் சின்னமாகப் பதிந்துகொண்டார். ஊர் வழக்குப் போட்டது. 2012-இல் தோற்றது. மேயரும் மக்களும் ஊர்ப் பெயர்ப்பலகையையே கழற்றி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 2014 மேல்முறையீட்டிலும் தோல்வி. 2016-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பில் குறை கண்டு வழக்கைத் திருப்பி அனுப்ப, 2019-இல்தான் பாரிஸ் மேல்முறையீட்டு மன்றத்தில் ஊருக்கு நீதி கிடைத்தது. சொந்தப் பேரைத் திரும்பக் கேட்க ஓர் ஊருக்கு இத்தனை வருடம்! ஜெர்மனியில் சோலிங்கன் நகரத்தின் பேருக்கு 1938-லேயே சட்டப் பாதுகாப்பு. அந்த வட்டாரத்தில் செய்யாத கத்திக்கு அந்தப் பேரைப் போட முடியாது. பிரான்சில் நீண்ட காலம் அப்படி ஒரு வேலி இல்லாதிருந்ததால் சீனாவிலும் பாகிஸ்தானிலும் செய்த கத்திகள்கூடத் தேனீயோடு, லாயோல் என்ற பேரோடு, மரப்பெட்டியில் வருகின்றன. நம் ஷோகேசில் இருப்பது எது என்று யாருக்குத் தெரியும்?

"வெட்டினால் போதாதா, எங்கே செய்தால் என்ன?" என்பார்கள். வெட்டினால் போதும் என்றால் பேருக்கு ஏன் காசு கொடுக்கிறீர்கள்? பேருக்குத்தான் காசு என்றால் செய்த பட்டறையின் பேரையும் அலகில் தேடுங்கள். வெறும் 'லாயோல்' என்று மட்டும் இருந்தால் அது சாட்சி இல்லாத பத்திரம் மாதிரி.

சரி, தினமும் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள எது நல்லது? நம் வயதுக்காரர்களுக்கு நான் சொல்வது ஒபினெல். 1890-இல் சவோயா மலைப்பகுதியில் ழோசப் ஒபினெல் ஆரம்பித்தது. இன்று ஷாம்பேரியில் ஆலை. பீச் மரப் பிடி, ஓர் அலகு, எந்த அலங்காரமும் கிடையாது. 1955-இல் அலகு அடியில் ஒரு வளையம் சேர்த்தார்கள். திறந்து அதைத் திருகிவிட்டால் கத்தி விரல் மேல் மடங்காது. வழக்கமான லாயோலில் அந்தப் பூட்டு கிடையாது, வில்லின் இறுக்கம் மட்டும்தான். கை நடுங்குகிற வயதில் இந்த வித்தியாசம் பெரியது. 8-ஆம் எண்ணின் அலகு எட்டரை சென்டிமீட்டர். பழம் நறுக்க, பார்சல் கயிறு அறுக்க, பென்சில் சீவத் தாராளம். நம் கடற்காற்றுக்குத் துருப்பிடிக்காத எஃகு அலகையே கேட்டு வாங்குங்கள். மற்றது கூர் நன்றாக ஏறும்தான், ஆனால் எலுமிச்சை பட்டால் கறுக்கும், துடைக்காவிட்டால் துரு ஏறும். ஒபினெலிலும் குறை உண்டு: ஐப்பசி மழையில் மரம் ஊதி அலகு நகராது. அப்போது பிடியின் பின்முனையை மேசையில் ஒரு தட்டுத் தட்டினால் அலகு எட்டிப்பார்க்கும். சவோயாக்காரர்களின் வித்தை அது. மாத்திரை அட்டை வெட்டக் கத்தரிக்கோலும் வேண்டும் என்பவர்கள் சுவிட்சர்லாந்து இபாகில் செய்யும் சிறிய விக்டோரினாக்ஸை வாங்கலாம்.

அலுவலகத்தில் நாங்கள் பேனாக்கத்தியைக் காட்சிக்கு வைத்ததில்லை. கோப்பு நாடாவை அறுத்தது, அரக்கைச் சுரண்டியது, மதியம் கொய்யாவை நறுக்கியது. அதுதான் கத்திக்கு மரியாதை.

ஆகவே அடுத்த முறை பிரான்சிலிருந்து யாராவது கத்தி கொண்டுவருகிறேன் என்றால், "தேனீ வேண்டாம், எங்கே, யார் செய்தது என்று பார்த்து வாங்கி வா" என்று சொல்லுங்கள். கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள், பெரிய பெட்டியில் போடச் சொல்லுங்கள். என்னை மறுக்க விரும்பும் நெப்போலியன் கட்சியினர் தாராளமாக வீட்டுக்கு வரலாம். கத்தியை மட்டும் மடக்கி வைத்துவிட்டுப் பேசுவோம்.