கூரைக்குச் செலவிடுவது விதைக்கும் காப்பு

காரைக்கால் பகுதிச் சிற்றூர்களில் வீட்டுக் கூரைகள் வேகமாக மாறி வருகின்றன. திருநள்ளாறு, நெடுங்காடு, கோட்டுச்சேரி, நிரவி என எந்தப் பக்கம் சென்றாலும் நாட்டு ஓடும் கீற்றும் இறங்கி, தகரமோ ஆஸ்பெஸ்டாஸோ கான்கிரீட் தளமோ ஏறியிருப்பதைக் காணலாம். இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஓடு மாற்றத் தெரிந்த ஆட்கள் குறைந்துவிட்டார்கள். அறுவடை இயந்திரம் வந்தபின் கூரை வேய ஏற்ற நீண்ட வைக்கோல் கிடைப்பது அரிது. கீற்று வீட்டில் தீ பயம் உண்டு. 2018 நவம்பரில் வீசிய கஜா புயலையும் எவரும் மறக்கவில்லை. ஆகவே உறுதியான கூரையை விரும்புவதைக் குறை கூற முடியாது. ஆனால், வெயிலைத் தடுக்க வழி செய்யாமல் கூரையை மட்டும் மாற்றுவது நஷ்டக் கணக்கே ஆகும்.

நாட்டு ஓடு ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்படுவதால் இடையில் காற்று தங்கி வெப்பத்தைத் தடுக்கிறது. உள்ளே சேரும் அனலும் இடுக்குகள் வழியே வெளியேறுகிறது. தகரம் மெல்லியது, வெயில் பட்டதும் காய்ந்து அனலை நேரே கீழே இறக்குகிறது. கான்கிரீட் தளமோ பகல் முழுவதும் வெப்பத்தைக் குடித்து, மாலை முதல் நள்ளிரவு தாண்டியும் வீட்டுக்குள் விடுகிறது. கடலோரத்தில் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை எளிதில் உலராது. எனவே உழைத்த உடலுக்கு இரவில் தூக்கம் இல்லை. மின்விசிறி போட்டாலும் கூரையடி அனலைத்தான் கீழே தள்ளும்.

இதில் விவசாயிகள் பலர் எண்ணிப் பாராத இழப்பு ஒன்று உண்டு. தையில் சம்பா தாளடியில் தெளித்த உளுந்து பங்குனியில் வீடு சேர்கிறது. அடுத்த தை வரை விதை வீட்டில்தான் இருக்கிறது. அக்கினி நட்சத்திரமும் இடையில் வருகிறது. சேமிப்பிடத்தின் வெப்பம் 5 டிகிரி செல்சியஸ் கூடினால் விதையின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது விதை விஞ்ஞானத்தில் பொதுவாகக் கையாளப்படும் கணக்கு. விதையின் ஈரப்பதம் ஒரு சதவீதம் கூடினாலும் அதே விளைவுதான். நன்றாகக் காயவைத்த விதையையும் தகரக் கூரையின் கீழ் பரணில் போட்டு வைத்தால் முளைப்புத் திறன் குறையும். பிறகு விதையைக் குறை சொல்லிப் பயனில்லை. கலப்பினப் பசுக்களும் நாட்டு மாடுகளைப் போல வெப்பம் தாங்குவதில்லை. கொட்டகை காய்ந்தால் தீனி குறையும், பாலும் குறையும்.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. ஓட்டு வீடு வைத்திருப்பவர்கள் பனங்கை உளுத்திருந்தால் அதை மட்டும் மாற்றி, நல்ல ஓடுகளை மறுபடி அடுக்குவதே நலம். தகரக் கூரையாக இருந்தால் கோடைக்கு முன் மேற்புறம் வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். மழையில் கரைந்துவிடும் என்பதால் ஆண்டுதோறும் அடிப்பது அவசியம். கூரைக்கு ஓரடி கீழே மூங்கில் தட்டியால் மச்சு அமைத்து, இடையில் சேரும் அனல் வெளியேற இருபுறமும் திறப்பு விடலாம். மின்கம்பி அருகில் தட்டி படக்கூடாது. ஆஸ்பெஸ்டாஸ் தகட்டைத் துளைப்பதும் அறுப்பதும் கூடாது. அதன் தூசி நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும்.

கான்கிரீட் தளத்துக்கு மேலிருந்துதான் காப்பு வேண்டும். செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று அங்குலம் பரப்பி, அடித்து இறுக்கி, மேலே தட்டோடு பதிப்பது நம் கொத்தனார்கள் நன்கறிந்த முறை. கம்பி துருப்பிடித்து விரிசல் கண்ட பழைய தளத்தின் மேல் இந்தப் பாரம் ஏற்றுவது ஆபத்து. அங்கே வெள்ளையடிப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

உரிமையாளர்கள் பிரான்சிலோ வளைகுடா நாடுகளிலோ இருக்க, ஆண்டில் சில வாரங்களே திறக்கப்படும் வீடுகளும் இப்பகுதியில் உண்டு. காற்றோட்டமின்றிப் பூட்டிய வீட்டில் அனல் தேங்கும். இடம் காலியாக இருக்கிறதே என்று அங்கே விதை மூட்டை அடுக்குவது தவறு.

அரசுக்கும் இதில் பொறுப்பு உண்டு. தெலங்கானா 2023-இல் குளிர்கூரைக்கென்றே தனிக் கொள்கை வகுத்தது. புதுச்சேரி அரசும் கல்வீட்டு மானியத்தில் தட்டோடு பதிப்பதற்கென ஒரு தொகையைத் தனியாகக் குறிப்பிட்டு வழங்க வேண்டும். குடிசையைக் கல்வீடாக்குவது நல்ல காரியம். அந்த வீட்டில் குடியிருப்பவர் கோடையில் வாசலில் படுக்க நேர்ந்தால் காரியம் பாதியில் நிற்கிறது என்றே பொருள்.

மாசி பிறந்ததும் கூரையைப் பார்த்துவிட வேண்டும். பங்குனியில் உளுந்து வீடு வரும்போது, அதை வைக்கக் குளிர்ந்த இடம் தயாராக இருக்கும்.