அடியாத மாடு படியாது என்பது நாய்க்குப் பொருந்துமா?

டென்மார்க்கில் வாழும் எமது குடும்பங்கள் பலவற்றில் இப்போது நாயும் ஒரு அங்கத்தவராகி வருகின்றது. முதல் தலைமுறையினரான நாம் நாயைக் கண்டால் வீதியின் மறுபக்கத்திற்கு மாறி நடந்தவர்கள். எமது பிள்ளைகளோ டெனிஸ் நண்பர்களின் வீடுகளில் நாயோடு விளையாடி வளர்ந்தவர்கள். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஆசைப்பட்டுக் கேட்க, ஒரு குட்டி வீட்டிற்கு வந்துவிடுகின்றது. அதை எப்படிப் பழக்குவது என்ற கேள்வி அதன் பின்னர்தான் எழுகின்றது.

நாய் பழக்குவது சுகாதாரப் பகுதியில் எழுத வேண்டிய விடயமா என்று சிலர் கேட்கலாம். ஆம் என்பதே எமது கருத்து. நாயை நாம் எப்படிப் பழக்குகின்றோம் என்பதில்தான் அந்த வீட்டுப் பிள்ளையின் பாதுகாப்பும் பெருமளவு தங்கியிருக்கின்றது.

நாய் மீது எமக்குள்ள பயம் காரணமில்லாத பயம் அல்ல. ஊரில் கட்டாக்காலி நாய்களும் விசர்நாய்க்கடியும் எல்லோரும் அறிந்தவை. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி இந்நோயால் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 59,000 பேர் இறக்கின்றனர். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் ஆசியாவையும் ஆபிரிக்காவையும் சேர்ந்தவர்கள். ஆகவே கல்லும் தடியும் எடுத்து நாயைத் தூரத்தில் வைத்திருந்ததில் வியப்பில்லை. ஊரில் நாயின் இடம் முற்றம், அதன் வேலை குரைப்பது. அதற்குப் பெரிதாக எதையும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

இங்கு நிலைமை வேறு. டென்மார்க்கின் நாய்களிடையே விசர்நோய் இல்லை. ஆனால் நாய் எம்முடன் ஒரே அறையில், பிள்ளைகளின் நடுவே வாழ்கின்றது. சிறுபிள்ளைகளைக் கடிப்பவை பெரும்பாலும் அறிமுகமில்லாத நாய்கள் அல்ல, சொந்த வீட்டு நாயோ தெரிந்தவர் வீட்டு நாயோதான். சிறுபிள்ளையின் முகமும் நாயின் வாயும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் இருப்பதால் கடி பெரும்பாலும் முகத்திலும் தலையிலும் விழுகின்றது.

அடித்துப் பழக்கினால் நாய் கடிக்காது என்று நினைப்பவர்கள் உண்டு. ஆராய்ச்சிகள் இதற்கு எதிரானதையே கூறுகின்றன. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக மிருக வைத்தியர்கள், நடத்தைப் பிரச்சினைக்காகத் தம்மிடம் கொண்டுவரப்பட்ட நாய்களின் சொந்தக்காரர்களிடம் விசாரித்து 2009ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டனர். நாயை அடித்தோ உதைத்தோ பார்த்தவர்களில் 43 வீதமானோர், அதற்கு நாய் சீறிப் பதிலளித்ததாகக் கூறினர். போர்த்துக்கலில் 92 வீட்டு நாய்களை ஆராய்ந்து 2020இல் வெளியான இன்னோர் ஆய்வில், தண்டித்துப் பழக்கப்பட்ட நாய்களிடம் மன அழுத்தத்தின் அறிகுறிகள் கூடுதலாகக் காணப்பட்டன. அவற்றின் உமிழ்நீரிலும், பயிற்சியின் பின்னர், அழுத்தத்தைக் காட்டும் கோட்டிசோல் ஓமோன் கூடியிருந்தது.

இன்னுமொரு ஆபத்தும் உண்டு. உறுமல் என்பது நாயின் எச்சரிக்கை. "என்னை விடு, எனக்குப் பயமாக இருக்கிறது" என்று அது சொல்லும் பாஷை அதுதான். உறுமும்போதெல்லாம் அடி விழுந்தால் நாய் உறுமுவதை நிறுத்திவிடும், ஆனால் பயம் அப்படியே இருக்கும். பிறகு ஒருநாள் முன்னறிவித்தல் இன்றிக் கடிக்கும். "நல்ல நாய், திடீரென்று கடித்துவிட்டது" என்று சொல்லப்படும் சம்பவங்கள் பலவற்றின் பின்னால் இப்படி அடக்கப்பட்ட எச்சரிக்கை இருப்பதுண்டு.

"நாய் ஓநாயின் வழிவந்தது, எசமான் யார் என்று காட்டாவிட்டால் தலைக்கு மேல் ஏறிவிடும்" என்று வாதிடுவோரும் உள்ளனர். இந்த எண்ணத்திற்கு அடிப்படை, 1947இல் வெளிவந்த, கூட்டில் அடைக்கப்பட்ட ஓநாய்கள் பற்றிய ஓர் ஆய்வு. காட்டு ஓநாய்களைப் பல வருடங்கள் அவதானித்த டேவிட் மெக் என்ற அமெரிக்க அறிஞர், ஓநாய்க் கூட்டம் என்பது தாய், தகப்பன், பிள்ளைகள் கொண்ட ஒரு குடும்பமே என்று 1999இல் எழுதினார். அங்கு பெற்றோர் வழிகாட்டுகின்றனர், பிள்ளைகள் பின்தொடர்கின்றன. பதவிக்கான சண்டை அங்கு அன்றாட வழக்கம் அல்ல.

டென்மார்க்கில் இந்தச் சிந்தனை புதியதுமல்ல. போர்த்துக்கலில் பிறந்து இங்கு பணியாற்றிய றோஜர் அப்ரான்டெஸ் என்ற விலங்கு நடத்தை அறிஞர், பலத்தை விட உளவியலே மேல் என்ற பொருள்பட நாய்ப் பயிற்சி நூல் ஒன்றை 1984இல் வெளியிட்டார். எம்மவர்கள் அகதிகளாக இங்கு வரத் தொடங்கிய காலமும் ஏறத்தாழ அதுவே. மின்சாரம் பாய்ச்சும் கழுத்துப்பட்டியும் முள்வைத்த கழுத்துப்பட்டியும் நாய்க்குப் போடுவது இன்று இந்நாட்டில் சட்டப்படி தடை.

அப்படியானால் எப்படிப் பழக்குவது? முறை மிக எளிது. நாய் சரியானதைச் செய்த ஓரிரு விநாடிகளுக்குள் ஒரு சிறு இறைச்சித் துண்டும் ஒரு நல்ல வார்த்தையும் கொடுங்கள். தாமதித்தால் எதற்குக் கிடைத்தது என்று அதற்கு விளங்காது. வெளியே சலம் விட்டவுடன் அங்கேயே பாராட்டுங்கள். வீட்டிற்குள் விட்டால் பேசாமல் துடைத்துவிட்டு, அடுத்தமுறை நேரத்துடன் வெளியே கொண்டு செல்லுங்கள். மேலே பாய்ந்தால் திரும்பி நில்லுங்கள். நான்கு காலும் நிலத்தில் பட்டதும் கவனியுங்கள். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடப் பயிற்சி போதும். கொடுக்கும் துண்டுகளை அன்றைய சாப்பாட்டில் கழித்துக்கொள்ளுங்கள். வெங்காயம் போட்ட கறி, சொக்லேட், முந்திரிகை வற்றல் என்பன நாய்க்கு நஞ்சு என்பதை மறக்க வேண்டாம்.

இது லஞ்சம் கொடுப்பது போன்றதல்லவா என்று கேட்பார்கள். வேலைக்கு முன் கொடுப்பது லஞ்சம், செய்த வேலைக்குப் பின் கொடுப்பது கூலி. அன்பாகப் பழக்குவது என்பதற்கு நாய் நினைத்ததையெல்லாம் செய்ய விடுவது என்றும் அர்த்தமில்லை. கதவைப் பூட்டலாம், சங்கிலியில் பிடிக்கலாம், செல்லம் கொடுப்பதை நிறுத்தலாம். அடி மட்டும் தேவையில்லை. அடி "இது கூடாது" என்ற பயத்தைக் கொடுக்குமே தவிர, "இதைச் செய்" என்று எதையும் கற்பிக்காது.

நாயைப் பழக்குவது போலப் பிள்ளைகளையும் பழக்க வேண்டும். நாய் சாப்பிடும்போதும் நித்திரை கொள்ளும்போதும் கிட்டப் போகக்கூடாது. கட்டிப்பிடித்து முகத்தோடு முகம் வைக்கக்கூடாது. சிறுபிள்ளையையும் நாயையும் தனியே ஓர் அறையில் விட்டுச் செல்லக்கூடாது. யாரேனும் கடிபட்டால் சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவி, வைத்தியரிடம் காட்டி, ஏற்பு ஊசி தேவையா என்று கேளுங்கள். விடுமுறையில் இலங்கைக்கோ இந்தியாவுக்கோ சென்ற இடத்தில் நாய் கடித்தால், காயம் சிறிதாயினும் டென்மார்க் திரும்பும்வரை காத்திராமல் அங்கேயே உடனடியாக விசர்நாய்க்கடித் தடுப்பூசியைத் தொடங்குங்கள்.

1997இல் டென்மார்க் பிள்ளைகளை அடிக்கும் உரிமையைப் பெற்றோரிடமிருந்து எடுத்துவிட்டது. பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று அன்று எம்மிடையே கவலைப்பட்டவர்கள் பலர். பிள்ளைகள் கெட்டுப்போகவில்லை, அடி இல்லாமலே படித்து ஆளாகினார்கள். "அடியாத மாடு படியாது" என்ற பழமொழியைப் பிள்ளைகள் விடயத்தில் கைவிட்ட நாம், வாயில்லாப் பிராணி விடயத்தில் மட்டும் அதைக் காப்பாற்றி வைத்திருக்க வேண்டியதில்லை. நாய் அடிபடுவதைப் பார்த்து வளரும் பிள்ளை, பலமுள்ளவன் பலமற்றவனை அடிக்கலாம் என்பதையும் சேர்த்தே கற்றுக்கொள்கின்றது. ஆகவே நாய் வளர்க்கும் உறவுகளே, தடியை வைத்துவிட்டு பொறுமையைக் கையில் எடுங்கள்.