ஏணியின் கனம் யாரையும் காப்பாற்றாது

தோட்ட வேலைக்கு வருகிறவர் அலுமினிய ஏணியைத் தோளில் சாய்த்தபடி கேட்டுக்குள் நுழைந்தால், வீட்டுக்காரர் முதலில் கேட்பது இதுதான்: "ஏம்ப்பா, இது ஆளைத் தாங்குமா?" அடுத்த பேச்சும் தயாராக இருக்கும். "பின்னாடி நம்ம இரும்பு ஏணி கிடக்கு. அதை எடுத்துக்க, அசையாம நிக்கும்." அக்கறையோடுதான் சொல்கிறார். வேலைக்கு வந்தவரும் எதிர்த்துப் பேச மனமில்லாமல் "சரிங்க சார்" என்று அதைத் தூக்கப் போகிறார். கனமான ஏணிதான் பத்திரமானது என்ற இந்த நம்பிக்கை, உழைக்கிறவரைக் கீழே தள்ளுகிற நம்பிக்கை. இதை இனியும் விட்டுவைக்கக் கூடாது.

ஒரே அளவு துண்டை எடுத்து நிறுத்தால், இரும்பு அலுமினியத்தைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு எடை இருக்கும். ஆனால் ஏணி எவ்வளவு தாங்கும் என்பதைப் பக்கச் சட்டத்தின் வடிவமும், படி சட்டத்தோடு சேரும் இடமும்தான் தீர்மானிக்கின்றன. ஐரோப்பிய ஈஎன் 131 தரத்தில் வரும் இலேசான ஏணிகள் 150 கிலோ தாங்கும் என்று ஒட்டுச்சீட்டிலேயே போட்டிருக்கும். ஆளோடு, இடுப்பில் தொங்கும் அரிவாள், கத்தரி, ரம்பம் எல்லாம் அந்தக் கணக்கில் அடக்கம். தெருமுனைப் பட்டறையில் பற்றவைத்த இரும்பு ஏணியில் என்ன எழுதியிருக்கிறது? ஒன்றும் இல்லை. பெயின்ட் அடித்த பற்றுக்குள் துரு ஏறியிருந்தால் வெளியே தெரியவும் தெரியாது.

விபத்து எப்படி நடக்கிறது என்று பாருங்கள். காம்பவுண்டுச் சுவர் நெடுக ஏறிக் கிடக்கும் காகிதப்பூக் கொடியை ஒருவர் கத்தரிக்கிறார். இரண்டடி வெட்டியதும் இறங்க வேண்டும், ஏணியை நகர்த்த வேண்டும், மறுபடி ஏற வேண்டும். காலையில் ஒழுங்காகச் செய்வார். வெயில் ஏறிய பிறகு, அந்த இரும்பைத் தூக்கித் தூக்கித் தோள் விட்டுப்போன நேரத்தில், "இந்த ஒரு கிளைதானே" என்று இடது கையால் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வலது கையை எட்டி நீட்டுவார். ஒரு கால் படியிலிருந்து கிளம்பும். இடுப்பு சட்டத்தைத் தாண்டி வெளியே போகும். அந்த நொடியில் 70 கிலோ ஆளின் பாரம் ஏணிக்கு வெளியே விழுகிறது. ஏணி எவ்வளவு கனமாக இருந்தாலும் அவரோடு சேர்ந்தே சாயும். இலேசான ஏணியாக இருந்திருந்தால் ஒரு கையால் நகர்த்திவிட்டு மறுபடி ஏறியிருப்பார். எட்டி வெட்டும் ஆசையே வந்திருக்காது.

ஏணி நிற்பது கால் ஊன்றும் இடத்தாலும் சாய்மானத்தாலும். 12 அடி உயரத்தில் சாய்த்தால், அடிப்பக்கம் சுவரிலிருந்து 3 அடி தள்ளி இருக்க வேண்டும். மண் தரையில் நாலு கால் மடக்கு ஏணி ஒருபோதும் சரியாக உட்காராது, ஏதோ ஒரு கால் அந்தரத்தில் ஆடும். ஜப்பானில் பைன் மரங்களைக் கத்தரிக்கும் தோட்டக்காரர்களும், அமெரிக்காவில் பழத்தோட்டக்காரர்களும் மூன்று கால் ஏணி வைத்திருப்பது இதற்காகத்தான். மூன்றாவது கால் செடிக்குள்ளேயே நுழைந்து ஊன்றிக்கொள்ளும், மேடு பள்ளம் பார்க்காது. (டைல்ஸ் தரையில் மட்டும் அதை விரிக்காதீர்கள், கால் வழுக்கி விரிந்துவிடும்.)

இன்னொரு விஷயத்தை வீட்டுக்காரர்கள் யோசிப்பதே இல்லை. தோட்ட வேலை செய்கிறவர் பெரும்பாலும் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் வருகிறார். கனமான நீள ஏணியை அதில் கொண்டுவர முடியாது. பின்னால் ஒருவர் தோளில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்து வருவது, அவருக்கும் எதிரே வருகிறவருக்கும் ஆபத்து. அளவுக்கு மீறி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சுமைக்கு 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் 20,000 ரூபாய் அபராதம் வைத்திருக்கிறது. அதனால் அவர் ஏணி இல்லாமலே வருகிறார். வீட்டுக்கு வீடு எந்த ஏணி கிடைக்கிறதோ அதில் ஏறுகிறார். எந்தப் படி ஆடும், எந்தக் காலில் ரப்பர் இல்லை என்று தெரியாத ஏணியில் தினமும் ஏறும் மனிதருக்கு என்ன பத்திரம்? உள்ளுக்குள் அடங்கும் டெலஸ்கோப் ஏணி 10 கிலோ அளவில், வண்டியின் கால் வைக்கும் இடத்தில் நிற்கும். பூட்டுகளில் மண் ஏறினால் சிக்கிக்கொள்ளும், தினமும் துடைக்க வேண்டும். ஆனாலும் அது அவருக்குப் பழகிய ஏணி.

அலுமினியத்துக்கு உண்மையான ஆபத்து ஒன்று உண்டு, அது கனக்குறைவால் வருவதல்ல. மின்சாரம். குடகில் மிளகு பறிக்க அலுமினிய ஏணியைத் தூக்கிப் போனவர்கள், அது மின்கம்பியில் பட்டு இறந்திருக்கிறார்கள். இரும்பும் அதே போல்தான் கொல்லும். நனைந்த மூங்கிலையும் நம்ப முடியாது. கம்பி ஓடும் தோட்டத்துக்குக் கொஞ்சம் எடை கூடினாலும் காய்ந்த ஃபைபர் ஏணிதான் வேண்டும், அதுவும் கம்பியிலிருந்து 10 அடியாவது தள்ளி.

வீட்டுக்காரர்களே, உங்கள் இரும்பு ஏணியை யாருக்கும் நீட்டாதீர்கள். தோட்ட வேலை செய்கிறவர் சொந்தமாக நல்ல ஏணி வாங்கும் அளவுக்குக் கூலியைக் கூட்டிக் கொடுங்கள். தென்னைக்கோ முருங்கைக்கோ பக்கத்தில் கம்பி போனால், ஆளை ஏறச் சொல்லும் முன் மின்வாரியத்துக்குச் சொல்லி லைனை நிறுத்துங்கள்.