சீமைக் கருவேலத்தை அகற்றும் முன் நாட்டு நாற்று தயாரா?

தென் மாவட்டங்களில் பொக்லைன் இயந்திரம் இறங்காத கண்மாய் குறைவு. சீமைக் கருவேலத்தை வேரோடு அகற்ற வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017-ல் உத்தரவிட்டது. அயல் தாவரங்களை அகற்றி வாழிடங்களை மீட்பதற்கென்று தமிழக அரசு 2022-ல் தனிக் கொள்கையே வெளியிட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநிலத்தின் வன, மரப் பரப்பை 23.7 சதவீதத்திலிருந்து 33 சதவீதமாக உயர்த்துவதை இலக்காக வைத்திருக்கிறது. அகற்றுவதற்கு உத்தரவு இருக்கிறது. நடுவதற்கு இலக்கு இருக்கிறது. அகற்றிய இடத்தில் எதை நடுவது, அந்த நாற்று எங்கிருந்து வரும் என்ற கேள்விக்குத்தான் பல ஊர்களில் பதில் இல்லை.

விளைவு என்ன என்பது உங்களுக்கே தெரியும். வெட்டி முடித்த கண்மாய் ஒரு கோடை முழுக்க வெறுமையாகக் கிடக்கும். முதல் மழையில் பச்சை தெரியும். கிட்டப்போய்ப் பார்த்தால் அதே சீமைக் கருவேலம். மண்ணில் விட்ட அடிக்கட்டை துளிர்க்கிறது. ஆடு மாடு தின்ற காயின் விதை சாணத்தோடு விழுந்து, வருடக்கணக்கில் முளைப்புத் திறனோடு காத்திருக்கிறது. வெயில் நேராக விழும் வெற்று நிலம்தான் இந்த மரத்துக்கு மிகவும் பிடித்த இடம். நிழல் விழுந்த நிலத்தில் அதன் கன்று தேறாது. ஆகவே, அகற்றுவது பாதி வேலைதான். அந்த இடத்தை வேறு செடிகளால் மூடுவது மீதி வேலை. அந்த மீதியை இயந்திரம் வருவதற்கு ஓராண்டு முன்பே தொடங்க வேண்டும்.

அவசரத்தில் வந்து சேரும் தவறான மரங்கள்

நாற்று முன்கூட்டியே தயாராகவில்லை என்றால், கடைசி நேரத்தில் கைக்குக் கிடைத்ததை நட வேண்டியிருக்கும். கைக்குக் கிடைப்பது பெரும்பாலும் வேகமாக வளர்வதும் மலிவாகப் பெருகுவதும்தான். மடகாஸ்கரிலிருந்து வந்த செம்மயிற்கொன்றை, அமெரிக்க வெப்பமண்டலத்தின் தூங்குமூஞ்சி, மெக்சிகோவின் சவுண்டல் எல்லாம் இந்த வழியில்தான் ஊர் ஊராகப் பரவின. சாலையோரத்திலும் வீட்டு மதிலோரத்திலும் வேலியாக நட்ட கோனோகார்ப்பஸை குஜராத் அரசு 2023-ல் தடை செய்தது. பிறகு தமிழகமும் தடை செய்தது. ஒரு அயல் மரத்தை அகற்றிவிட்டு இன்னொரு அயல் மரத்தை நட்டால், அடுத்த தலைமுறைக்கு இன்னொரு பொக்லைன் செலவை எழுதி வைக்கிறோம்.

பெயரிலும் ஏமாற வாய்ப்பு உண்டு. 'கொன்றை' என்று கேட்டால் நம் சரக்கொன்றையும் வரலாம், முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் ஆக்கிரமித்துப் பரவிய சென்னா ஸ்பெக்டாபிலிஸும் வரலாம். இரண்டுக்கும் மஞ்சள் பூ. 'வாகை' என்ற பெயரிலும் நான்கைந்து மரங்கள் விற்கின்றன. கொடுக்காப்புளியை நம் மரம் என்றே நினைக்கிறோம், அதன் தாயகம் மெக்சிகோ. ஆகவே நாற்று வாங்கும்போது தாவரவியல் பெயரையும் எழுதித் தரச் சொல்லுங்கள். சரக்கொன்றை என்றால் கேசியா ஃபிஸ்டுலா என்று இருக்க வேண்டும்.

நாட்டு மரம் என்றால் எந்த நாட்டுக்கு?

மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்து வேங்கை நாட்டு மரம்தான். அதை ராமநாதபுரத்து உவர் கண்மாயில் நட்டால் அதுவும் அங்கே விருந்தாளிதான், சீக்கிரம் காய்ந்துபோகும் விருந்தாளி. ஆற்றங்கரை நீர்மருதை வறண்ட சரளை மேட்டில் நடுவதும் அப்படித்தான். ஆகவே, மரத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் இடத்தைப் பாருங்கள்.

கண்மாய், ஏரி உள்வாயில் சில மாதம் தண்ணீர் நிற்கும், பிறகு மண் வெடிக்கும். இரண்டையும் தாங்குவது நாட்டுக் கருவேல். நீர்க்கடம்பும் ஈரத்தைத் தாங்கும். கரையின் வெளிப்பக்கம், வாய்க்கால் ஓரங்களில் புங்கம், நாவல், இலுப்பை, நீர்மருது வரும். கரையை ஒட்டிப் பனை, சரிவில் வெட்டிவேர், நொச்சி.

வறண்ட செம்மண், சரளை நிலத்துக்கு உசில், வெப்பாலை, ஆத்தி, வெள்வேல், வேம்பு. கரிசலில் வன்னி.

கிழக்குக் கடற்கரையை ஒட்டிய புதுக்கோட்டை, கடலூர், விழுப்புரம் பகுதிகளில் ஒரு காலத்தில் இருந்தது உலர் பசுமைமாறாக் காடு. அதன் மிச்சம் இன்று கோயில்காடுகளில்தான் இருக்கிறது. வீரை, காசா, உலக்கைப்பாலை, குருந்து போன்றவை அங்கே வளர்பவை. 1968-ல் ஆரோவில் தொடங்கியபோது அந்தச் செம்மண் மேடு அரிப்பெடுத்துக் கிடந்தது. அங்கே முதலில் ஆஸ்திரேலிய அகேசியாவை நிழலுக்காக நட்டார்கள். பிறகு அதனடியில் இந்தக் காட்டு இனங்களைக் கொண்டுவந்தார்கள். அந்த விதைகளுக்காக அவர்கள் தேடிப் போனது கோயில்காடுகளுக்கு.

எல்லா வெற்று நிலத்துக்கும் மரம் தேவை என்பதும் சரியல்ல. காங்கேயம், வெள்ளக்கோவில், தாராபுரம் பக்கத்துக் கொரங்காடு மேய்ச்சல் நிலம்தான். கொழுக்கட்டைப்புல், அங்கங்கே ஒரு வெள்வேல், சுற்றிலும் கிளுவை வேலி என்பதே அதன் அமைப்பு. அங்கே நெருக்கமாக மரம் நட்டால் புல் போகும், புல் போனால் மாடு போகும்.

உங்கள் ஊருக்கு எது பொருந்தும் என்பதை அறிய மூன்று சாட்சிகள் உண்டு. சுற்று வட்டாரத்தில் வெட்டுப்படாத கோயில்காடு, ஊர்ப் பெரியவர்களின் நினைவு, ஊர்ப் பெயர். உசிலம்பட்டி, இலுப்பூர், ஆலங்குடி போன்ற பெயர்களே அங்கே எது நின்றது என்பதைச் சொல்லும்.

நாற்று எங்கிருந்து வரும்?

இலவச நாற்றுத் திட்டங்கள் இருக்கின்றன. வேளாண் துறையின் நீடித்த பசுமைப் போர்வை இயக்கத்தில் உழவன் செயலி வழியாகப் பதிவு செய்யலாம். ஆனால் அங்கே கிடைக்கும் தேக்கு, செம்மரம், மகோகனி போன்றவை வரப்பில் வருமானத்துக்கானவை. உங்கள் சொந்த நிலத்துக்கு அது நல்லதே. கண்மாய் மீட்புக்கு அந்தப் பட்டியல் போதாது.

வனத் துறை நாற்றங்காலை அணுகலாம். கோவையில் உள்ள வன மரபியல் மற்றும் மர இனப்பெருக்க நிறுவனம், மேட்டுப்பாளையம் வனவியல் கல்லூரி ஆகியவற்றில் விதை, நாற்று குறித்து ஆலோசனை கேட்கலாம். எங்கே கேட்டாலும் நடவுக்கு ஒரு மாதம் முன்பு போய் நின்றால் இருப்பதைத்தான் தருவார்கள். ஓராண்டு முன்பு இனப் பட்டியலோடும் எண்ணிக்கையோடும் போனால், வளர்த்துத் தரச் சொல்லிக் கேட்கலாம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை:

1. விதை எந்தப் பகுதியில் எடுத்தது? உங்கள் ஊரைப் போன்ற மழையும் மண்ணும் உள்ள பகுதியாக இருக்க வேண்டும்.

2. எத்தனை தாய் மரங்களிலிருந்து? ஒரே மரத்து விதையில் வந்த 1,000 கன்றுகளும் உடன்பிறப்புகள். ஒரு நோய் வந்தால் எல்லாவற்றையும் ஒன்றாகத் தாக்கும்.

3. பையில் எத்தனை மாதம்? ஆள் உயரக் கன்றைப் பார்த்து மயங்காதீர்கள். ஒன்றிரண்டு பைகளைக் கிழித்துப் பாருங்கள். ஆணிவேர் அடியில் சுருண்டிருந்தால் அந்தக் கன்று முதல் கோடையைத் தாண்டுவது கடினம். 2 முதல் 3 அடி உயரம், நேரான வேர் போதும்.

4. வெயிலில் பழக்கியதா? நிழல்வலைக்குள்ளிருந்து நேராக வந்த கன்று கண்மாய் வெயிலில் கருகும்.

ஊரிலேயே வளர்ப்பது எளிது

உசில், ஆத்தி, வீரை போன்றவை விற்பனை நாற்றங்காலில் அரிது. மகளிர் குழுவோ இளைஞர் குழுவோ சேர்ந்து ஊரிலேயே வளர்ப்பதுதான் நிச்சயமான வழி. விதைக்குக் காலம்தான் முக்கியம்.

வாகை, சரக்கொன்றை, புங்கம், நாட்டுக் கருவேல் காய்களைத் தை முதல் வைகாசி வரை ஒன்றன்பின் ஒன்றாகச் சேகரிக்கலாம். வேம்பு, நாவல், இலுப்பை ஆனி, ஆடியில் உதிரும். இந்த மூன்றையும் சேமித்து வைக்க முடியாது. சதையை நீக்கிக் கழுவி, நிழலில் ஈரம் உலர்த்தி, ஓரிரு வாரத்துக்குள் விதைத்துவிட வேண்டும். பனங்கொட்டையை நாற்றங்காலில் வளர்க்கத் தேவையில்லை, ஆவணி, புரட்டாசியில் கரையிலேயே ஊன்றலாம். கிளுவை, ஆல், பூவரசு ஆகியவற்றைப் போத்து வெட்டி நடலாம்.

வாகை, வன்னி, கருவேல், சரக்கொன்றை போன்றவற்றின் விதைத்தோல் கடினம். தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடுப்பிலிருந்து இறக்கி, விதையைப் போட்டு ஓர் இரவு விடுங்கள். உப்பிய விதையை விதையுங்கள், உப்பாததற்கு மறுபடி செய்யுங்கள். ஆட்டுப்பட்டியில் கிடைக்கும் கருவேல் விதைக்கு இந்த வேலையும் மிச்சம். ஆனால் அதில் சீமைக் கருவேல விதையும் கலந்திருக்கும் என்பதால் பிரித்தெடுக்கத் தெரிய வேண்டும். மரத்திலேயே பறித்தால் குழப்பம் இல்லை. நாட்டுக் கருவேலின் காய் மணி கோத்ததுபோல் இடையிடையே இறுகியிருக்கும், பூ மஞ்சள் உருண்டை. சீமைக் கருவேலத்தின் பூ நீளமான கதிர்.

ஒவ்வோர் இனத்துக்கும் தள்ளித் தள்ளி நிற்கும் குறைந்தது 10, 15 தாய் மரங்களிலிருந்து விதை எடுங்கள். ஒரு மரத்தின் காயில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம், பறவைக்கும் இயற்கையாக முளைக்கவும் மீதி வேண்டும். காப்புக்காட்டில் வனத் துறை அனுமதியின்றி விதை எடுக்கக் கூடாது. கோயில்காட்டில் ஊரின் சம்மதம் வேண்டும்.

வேலையின் வரிசை

இந்த ஐப்பசியில் நடப்போகும் கன்றின் விதை போன ஆண்டே சேகரித்திருக்க வேண்டும். எனவே வரிசை இப்படி இருக்கட்டும்.

முதல் ஆண்டு இனப் பட்டியல், விதை, நாற்றங்கால், அனுமதி. பெரிய கண்மாய்கள் நீர்வளத் துறையிடமும் சிறியவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும், முன்பே எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

இரண்டாம் ஆண்டு கோடையில், நாற்றின் எண்ணிக்கைக்கு ஏற்ற பரப்பில் மட்டும் சீமைக் கருவேலத்தை வேரோடு அகற்றுங்கள். 500 கன்றுதான் இருக்கிறது என்றால் 5 மீட்டர் இடைவெளியில் சுமார் 3 ஏக்கர் போதும். மொத்தக் கண்மாயையும் ஒரே ஆண்டில் வெறுமையாக்க வேண்டாம். ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கம் விறகும் கரிமூட்டமும் நம்பிப் பிழைக்கும் குடும்பங்களுக்கும் படிப்படியாக அகற்றுவதே அவகாசம் தரும்.

வெட்டிய முள் கிளையை வீணாக்காதீர்கள். காய் இல்லாத கிளைகளைக் கன்றுக்கு ஆடு தாண்டாத அடைப்பாக வையுங்கள். கன்றுகளுக்கு இடையில் முதல் மழையிலேயே ஆவாரை, கொழிஞ்சி, கொழுக்கட்டைப்புல் விதைகளைத் தூவுங்கள். மரம் நிழல் தரும்வரை மண்ணை மூடி வைப்பவை இவைதான்.

அடுத்த 3 ஆண்டுகளாவது ஒவ்வொரு மழைக்குப் பிறகும் ஒரு நாள் ஊர் கூடி, முளைத்த சீமைக் கருவேலக் கன்றுகளை ஈரத்திலேயே பிடுங்குங்கள். ஒரு சாண் கன்றைக் கையால் பிடுங்கலாம். ஆள் உயரம் வளர்ந்தால் மறுபடி இயந்திரம் வேண்டும்.

கிராம சபையில் 'எத்தனை நட்டோம்' என்று கணக்குச் சொல்வது வழக்கம். இனி இரண்டாம் கோடை முடிவில் எத்தனை உயிரோடு நிற்கிறது, அவை என்னென்ன இனம் என்றும் கேளுங்கள். அந்தக் கணக்கைக் கேட்கும் ஊரில், அடுத்த முறை நாற்று வாங்கும்போது அதிகாரிகளும் பட்டியலைப் பார்த்துத்தான் வாங்குவார்கள்.